தட்டு பேசிக்கொண்டே இருக்கட்டும்

இஷ்பெல் வீட்டுச் சமையலறையில் ஓர் அலமாரி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரணப் பச்சைக் கதவு. திறந்து உள்பக்கம் பார்த்தால் முழுக்க முழுக்க அம்மாவின் கையெழுத்து.

அம்மாவுக்குக் காகிதம் தேடும் பொறுமை கிடையாது. எந்தப் பலகாரத்தின் அளவு நினைவுக்கு வந்தாலும், காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக் கதவிலேயே எழுதிவிடுவார். மேலே ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட்: "வெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது." அதற்குக் கீழே டாப்லெட். பெயரைக் கேட்டு மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கை ஓயும்வரை கிளறினால் கிடைக்கும் வில்லை அது. ஓரமாக, கோடையில் ராஸ்பெர்ரியும் வறுத்த ஓட்ஸும் க்ரீமும் அடுக்கிச் செய்யும் க்ரானகன். எல்லாவற்றுக்கும் அடியில், மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில், "லாக்லனின் பிறந்தநாள் க்ளூட்டி டம்ப்ளிங்" என்று இருக்கும்.

லாக்லன் என்பது அப்பா.

அம்மா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. போன கோடையில் அப்பா வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்தார். அந்த ஒரு கதவை மட்டும் விட்டுவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள். போன இரண்டு பிறந்தநாளுக்கும் கடை கேக்தான். அப்பா ஒரு துண்டு சாப்பிட்டார், "நல்லா இருக்கு" என்றார், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மிச்சக் கேக்கில் பூசணம் பூத்தது.

அப்பா ஓட்டுவது உப்பு வண்டி. பனி உறைந்த சாலையில் உப்பைத் தூவிக்கொண்டே போகும் பெரிய மஞ்சள் லாரி. அதற்குப் பெயர் வைக்கும் போட்டியில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுப் போட்டு "உப்புமூட்டை" என்று வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அப்பா ஒரு வாரம் சிரித்தார். அப்போது அம்மா இருந்தார். அப்பா சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் ப்ரூஸ் குரைக்கும், அவ்வளவு பெரிய சிரிப்பு. இப்போது ப்ரூஸ் வாசலில் தூங்கிக்கொண்டே இருக்கிறது.

ப்ரூஸ் மறுபடி குரைக்க வேண்டும். இஷ்பெலுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

"டம்ப்ளிங்கா? நீயா?" என்றாள் கிர்ஸ்டி அக்கா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கிர்ஸ்டி இஷ்பெலின் பெரியப்பா மகள். பதினேழு வயது. அப்பா வேலைக்குப் போகும் நேரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருவாள். பெரும்பாலும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொள்வாள்.

"நானேதான். நீ பானையைத் தூக்கிக் குடுத்தாப் போதும்," என்றாள் இஷ்பெல். அவளுக்குப் பதினொரு வயது.

கதவில் எல்லாம் இருந்தது. மைதா, ரொட்டித்தூள், துருவிய கொழுப்பு, கறுப்பும் மஞ்சளுமாய் இரண்டு வகை உலர்திராட்சை, ஓர் ஆப்பிள், கரும்பாகு, மோர், பட்டைத்தூள், சுக்குப்பொடி, ஜாதிக்காய். எல்லாவற்றையும் பிசைந்து, துணியில் மூட்டை கட்டி, மூன்றரை மணி நேரம் கொதிநீரில் வேக வைக்க வேண்டும். அந்தத் துணிக்குத்தான் எங்கள் ஊர்ப் பேச்சில் க்ளூட் என்று பெயர். துணி இல்லையென்றால் டம்ப்ளிங் இல்லை.

துணி எங்கே இருக்கிறது என்பது இஷ்பெலுக்கு நன்றாகத் தெரியும். தம்பி டூகியின் கழுத்தில் இருக்கிறது.

பழைய தலையணை உறையைக் கிழித்து அம்மா செய்த துணி அது. பல வருடம் வெந்து வெந்து தேநீர் நிறமாகிவிட்டது. அம்மா இறந்த வாரத்தில், மூன்று வயது டூகி அதை எந்த இழுப்பறையிலிருந்தோ உருவி எடுத்தான். அன்றிலிருந்து விடவில்லை. பகலில் கழுத்தில் கட்டிக்கொண்டு பறப்பான். இரவில் முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவான். யாராவது கேட்டால், "அம்மா வாசனை" என்பான். இப்போது அவனுக்கு ஐந்து வயது.

"டூகி, ஒரே ஒரு நாளைக்குக் குடேன்," என்று இஷ்பெல் கேட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"அப்பாவுக்கு டம்ப்ளிங் செய்ய. இதுல கட்டிக் கொதிக்க வெக்கணும்."

டூகி அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு துணியின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். இஷ்பெல் கையை நீட்டியபோது கடித்தும் வைத்தான்.

அன்று புதன்கிழமை. வேறு துணியில் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. சுற்றுலாக்காரர்களுக்கென்று விற்கும் சமையலறைத் துண்டு ஒன்று வீட்டில் இருந்தது. முடி கண்ணை மறைக்க நிற்கும் மலைமாடு ஒன்று, ஊதா நிறத்தில் அச்சடித்தது. யாரோ கொடுத்த பரிசு. ஒத்திகை பார்க்க அது போதும் என்று கிர்ஸ்டியும் சொன்னாள்.

மூன்றரை மணி நேரம் கழித்துத் துணியைப் பிரித்தார்கள்.

டம்ப்ளிங்கின் தலையில் ஊதா நிறத்தில் ஒரு மாடு இருந்தது. சாயம் முழுக்க இறங்கியிருந்தது. முடி, மூக்கு, கொம்பு எல்லாம் தெளிவாக, இடம் வலமாக மாறி, முறைத்துக்கொண்டு இருந்தது. போதாக்குறைக்கு, உப்புவதற்கு இடம் விடாமல் இஷ்பெல் முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டாள். அதனால் டம்ப்ளிங் கருங்கல்லாகிக் கிடந்தது.

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றாள் கிர்ஸ்டி.

"எடுத்தா உன்கூடப் பேச மாட்டேன்," என்றாள் இஷ்பெல்.

கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வேடிக்கை பார்க்க டூகியும் பின்னாலேயே வந்தான். எங்கள் துறைமுகத்துக் கடற்காகங்கள் எதையும் விடாதவை. கையிலிருக்கும் வறுத்த மீனைப் பிடுங்கித் தின்பவை. ஒன்று வந்து டம்ப்ளிங்கைக் கொத்தியது. அலகை உதறியது. மாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தே போய்விட்டது.

கிர்ஸ்டி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இஷ்பெலுக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லையே என்று நினைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை மாலை கிர்ஸ்டி ஒரு யோசனை சொன்னாள். டூகி குளிக்கும்போது துணியைக் கழற்றித்தானே வைப்பான்? அப்போது எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, நாளைக்கு வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேடினால், காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இஷ்பெலுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விடிந்தால் பிறந்தநாள்.

குளியலறையில் டூகி தண்ணீரில் கப்பல் விடும் சத்தம் கேட்டது. துணி வெளியே நாற்காலியில் தொங்கியது. இஷ்பெல் மெதுவாக அதை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள்.

ஜாம் வாசனை வந்தது. சலவைத்தூள் வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"உனக்கு வாசனை வருதா?"

திரும்பினாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையில் நுரையோடு டூகி நின்றுகொண்டிருந்தான். அவள் எதிர்பார்த்தபடி கத்தவும் இல்லை, கடிக்கவும் இல்லை.

"எனக்கு வரவே இல்ல, இஷ்," என்றான். "கிறிஸ்துமஸ்லேர்ந்தே வரல. எனக்குச் சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். சளி போயிடுச்சு. அப்பவும் வரல."

கிறிஸ்துமஸ் சமயத்தில் என்ன நடந்தது என்று இஷ்பெலுக்கு நினைவு வந்தது. ஜாம் கொட்டிவிட்டது என்று அப்பா அந்தத் துணியை மெஷினில் போட்டு, சலவைத்தூளும் போட்டுத் துவைத்துக் கொடுத்தார். பாவம், அவருக்குத் தெரியாது. அம்மா கதவில் எழுதியிருந்தாரே: "துணிக்குச் சோப்புக் காட்டாதே."

"அம்மா வாசனை போயிடுச்சா?" என்று டூகி கேட்டான்.

"தெரியலடா," என்றாள் இஷ்பெல். துணியை அவன் கழுத்தில் அவளே கட்டிவிட்டாள். திருட்டு யோசனை அதோடு போயிற்று.

கீழே வந்து கிர்ஸ்டியிடம் விஷயத்தைச் சொன்னாள். கிர்ஸ்டி அன்று முதல் தடவையாகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, விடு," என்றாள். "எங்க வீட்டுல புதுத் தலையணை உறை இருக்கு. வெள்ளை. மாடு கீடு ஒண்ணும் கிடையாது. காலையில கொண்டுவரேன்."

*

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அப்பா உப்புமூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. மாலை நாலு மணிக்குத்தான் வருவார்.

கிர்ஸ்டி சொன்னபடி புதுத் துணியோடு வந்தாள். இஷ்பெல் பெரிய கிண்ணத்தை எடுத்து வைத்தாள். மைதாவைச் சலித்துப் போட்டாள். பட்டைத்தூளைப் போட்டாள், சுக்குப்பொடியைப் போட்டாள், ஜாதிக்காயைத் துருவினாள். கரும்பாகைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றிக் கிளறினாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. டூகி வேகமாக இறங்கி வந்து, சமையலறை வாசலில் நின்றான். மூக்கை மேலே தூக்கினான். கண்களை மூடினான்.

"அம்மா," என்றான்.

கிர்ஸ்டி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

இஷ்பெல் கிண்ணத்துக்குள் குனிந்தாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். பட்டை, சுக்கு, கரும்பாகு, லேசாக ஈரமாவு. கண்ணை மூடினால், காதில் பென்சிலோடு அம்மா இந்த மேஜைக்குப் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. டூகியின் துணியில் இரண்டு வருடமாக இருந்தது இந்த வாசனைதான். பிறந்தநாளும் புத்தாண்டுமாய் ஒவ்வொரு டம்ப்ளிங்காக அந்தத் துணியில் வெந்து, அதில் ஊறிப்போன வாசனை.

அவள் டூகியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஏற்றினாள். விஷயத்தைச் சொன்னாள். அவசரப்படாமல், இரண்டு தடவை சொன்னாள்.

"இங்க பாரு, எனக்குப் புதுத் துணி இருக்கு. உன் துணி எனக்கு வேண்டாம். ஆனா இந்த டம்ப்ளிங்கை உன் துணியில கட்டினா, வாசனை திரும்பி வரும்னு நினைக்கிறேன்."

"நிச்சயமா வருமா?"

பொய் சொல்ல இஷ்பெலுக்கு மனம் வரவில்லை. "நிச்சயமாத் தெரியாது. வரும்னுதான் தோணுது."

மேஜையில் ஒரு பக்கம் வெள்ளைத் துணி. டூகி தன் துணியின் நுனியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் யோசித்தான். அவன் அவ்வளவு நேரம் சும்மா இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"சுடுதண்ணியில போட்டா அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டான்.

"வலிக்காது. அம்மா நிறைய தடவை போட்டிருக்காங்க."

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

"இரு. அதுக்கு ஒரு காவல்காரன் வேணும்தான்."

டூகி முடிச்சை அவனே அவிழ்த்துக் கொடுத்தான்.

முதலில் துணியை நாலைந்து முறை வெறும் கொதிநீரில் அலசினார்கள், சலவைத்தூள் நெடி போகும்வரை. கிர்ஸ்டி இடுக்கியால் பிடித்துப் பிழிந்தாள். இஷ்பெல் அதை மேஜையில் விரித்து, ஈரத்தின் மேல் மைதாவைத் தூவித் தட்டினாள். அந்த மாவுதான் வெந்ததும் டம்ப்ளிங்குக்குத் தோலாகும். தோலுக்குத்தான் எப்போதும் வீட்டில் அடிதடி நடக்கும். நடுவில் மாவை வைத்து மூட்டை கட்டும்போது, இந்த முறை உப்புவதற்கு ஒரு கை அகலம் இடம் விட்டாள்.

பானையின் அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மூட்டையை இறக்கினார்கள். மூட்டை அடிப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்தத் தட்டு. தண்ணீர் கொதித்தது. தட்டு டக டக டகவென்று ஆட ஆரம்பித்தது.

கதவில் அம்மா எழுதியிருந்த கடைசி வரி இது: "தட்டு பேசிக்கொண்டே இருக்கட்டும். பேச்சு நின்றால் தண்ணீர் ஊற்று."

டூகி ஒரு மரக்கரண்டியைத் துப்பாக்கி போலத் தோளில் சாத்திக்கொண்டு, அடுப்பிலிருந்து எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தான். தட்டு அவனிடம் பேசிக்கொண்டே இருந்தது. அவனும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். பனிப்பொம்மையைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் பல் விழுந்ததைப் பற்றி, ப்ரூஸ் நாய் இப்போதெல்லாம் குரைப்பதில்லை என்பதைப் பற்றி.

இரண்டு மணி நேரம் போனது. இஷ்பெல் முன்னறையில் பரிசுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். கிர்ஸ்டி கைப்பேசிக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

"இஷ்! தட்டு பேசல!"

அவள் ஓடி வந்தாள். உண்மைதான், சத்தமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றி அடியில் விரல் அளவுதான் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் டம்ப்ளிங்கும் துணியும் சேர்ந்து கரிந்திருக்கும். கிர்ஸ்டி கெட்டிலில் தயாராக இருந்த சுடுநீரை ஊற்றினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு டக். இன்னொரு டக். டக டக டக.

"நீ மட்டும் இல்லேன்னா அவ்வளவுதான்டா," என்றாள் கிர்ஸ்டி.

"எனக்குத் தெரியும்," என்றான் டூகி.

*

நாலு மணிக்கு இருட்ட ஆரம்பித்தபோது உப்புமூட்டை தெருவில் உறுமும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அப்பா ஒரு பூட்ஸைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இஷ்பெல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பூட்ஸோடு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்கு இது சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"யாரு செஞ்சது இஷ்?" என்றார் அப்பா.

"நாங்க. கதவைப் பார்த்து."

அப்பா ஒற்றைப் பூட்ஸோடே உள்ளே வந்தார். தட்டில் டம்ப்ளிங் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. கரும்பழுப்பு நிறம். அடுப்புச் சூட்டில் காய்ந்து தோல் பளபளத்தது. ஓர் இடத்தில் மட்டும் துணியின் மடிப்பு விழுந்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அம்மா செய்யும்போதும் அந்த இடத்தில் கோணலாகத்தான் இருக்கும்.

அப்பா உட்கார்ந்தார். ஒரு துண்டு வெட்டி, தோலோடு வாயில் போட்டார். மெதுவாக மென்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கிர்ஸ்டிக்கு இந்த மாதிரி அமைதி ஒத்துக்கொள்ளாது. "புதன்கிழமை செஞ்சதைவிட இது எவ்வளவோ தேவல சித்தப்பா," என்றாள். "அதுல மாடு இருந்துச்சு."

"மாடா?"

இஷ்பெல் அவளை முறைத்தாள். ஆனால் டூகி எழுந்து நின்று, கண்ணை மறைக்கும் முடியோடு மாடு எப்படி முறைத்தது என்று நடித்துக் காட்டினான். பிறகு கடற்காகம் கொத்திவிட்டு அலகை உதறிக்கொண்டு நடந்துபோனதையும் காட்டினான்.

அப்பாவின் தோள் குலுங்கியது. கையிலிருந்த கரண்டி நழுவியது. பிறகு அவர் சிரித்தார். மேஜை அதிர, கண்ணீர் வழிய, பழைய சிரிப்பு.

பக்கத்து வீட்டில் ப்ரூஸ் குரைத்தது.

இஷ்பெல் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோல் நிறைய இருக்கும் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

எல்லாரும் இரண்டாவது துண்டுக்குப் போனபோது, டூகி அடுப்புக்கு முன்னால் காயப் போட்டிருந்த துணியை எடுத்து வந்தான். இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. முகத்தில் வைத்துக்கொண்டான். அவன் துணியிலிருந்து முகத்தை எடுக்கும்வரை இஷ்பெல் மெல்வதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"வந்துடுச்சு," என்றான் டூகி.

அப்பா கையை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் குடுடா."

டூகி யோசித்தான். பிறகு மற்ற மூன்று முனைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையை மட்டும் அப்பாவிடம் நீட்டினான். அப்பா அதை மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

"நாம மாத்தி மாத்தி மோந்து பார்த்தா, இருக்கற வாசனையும் சீக்கிரம் தீர்ந்துபோயிடுமேடா," என்றார்.

டூகிக்கு அப்பாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இது கூடத் தெரியாமல் இவ்வளவு பெரிய வண்டியை எப்படி ஓட்டுகிறார்?

"தீர்ந்தா என்னப்பா," என்றான், "மறுபடி கொதிக்க வெச்சுக்கலாம்."